ஒரே பெஞ்ச், ஒரே மாஸ்க், ஒரே சலைன் பாட்டில்: நோயாளிக்கு நோயாளி தாவும் கிருமிகள்

மாலை ஆறு மணிக்கு மேல் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் எந்தக் குழந்தைகள் கிளினிக்குக்குப் போனாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். ஷட்டர் வரை கூட்டம். டோக்கன் வாங்கிவிட்டு, பெஞ்சில் இடம் கிடைக்காமல் வெளியே பைக் மேலேயே உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள். உள்ளே ஒரு மூலையில் நெபுலைசர் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு குழந்தை முடித்ததும் மாஸ்க்கை உதறி, மருந்து ஊற்றும் சின்னக் குப்பியைக் குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசி, அடுத்த குழந்தையின் முகத்தில் வைப்பார்கள். "ஒண்ணும் இல்லம்மா, சளிதான். பத்து நிமிஷம் பிடிச்சுக்கோங்க."

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சொந்த மாஸ்க் வாங்கி வரச் சொல்லும் டாக்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் காட்சி யாருக்கும் புதிதல்ல. பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் பெரிதாக எதுவும் ஆவதும் இல்லை. ஒரு வாரத்தில் சளி போய்விடும்.

அந்த வரிசையில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் உள்ள ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் கதை வேறு. குழாயிலும் குப்பியிலும் பக்கத்தில் இருப்பவரின் இருமலிலும் இருக்கிற, மற்றவர்களை ஒன்றும் செய்யாத ஒரு கிருமி, அந்தக் குழந்தையின் நுரையீரலில் புகுந்தால் ஆயுளுக்கும் வெளியேறாமல் போகலாம். இந்த நோய்க்காகவே நடத்தப்பட்ட உலகின் பெரிய சிறப்பு கிளினிக்குகள் சிலவற்றிலேயே கிருமி ஒரு நோயாளியிடமிருந்து இன்னொருவருக்குத் தாவியது. அதைக் கண்டுபிடிக்க டாக்டர்களுக்குப் பல வருடங்கள் ஆயின.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்றால் என்ன?

நம் உடலின் செல்களில் உப்பும் நீரும் வந்துபோக ஒரு வாசல் இருக்கிறது. அந்த வாசலைக் கட்டுவதற்கான குறிப்பு ஏழாவது குரோமோசோமில் உள்ள ஒரு ஜீனில் இருக்கிறது. 1989-ல் கனடா, அமெரிக்க விஞ்ஞானிகள் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வந்துவிட்டால் வாசல் சரியாகத் திறக்காது. நுரையீரலில் தண்ணீராக ஓட வேண்டிய சளி பசை மாதிரி ஆகிவிடும். கணையத்தின் குழாய்களும் அடைபடும். சாப்பிட்டது செரிக்காமல் எண்ணெய்ப் பிசுக்கோடு மலம் போகும். எடை ஏறாது. வியர்வையில் மட்டும் உப்பு அதிகமாக இருக்கும். குழந்தைக்கு முத்தம் கொடுக்கும்போது உப்புக் கரிக்கிறது என்று அம்மாக்கள் சொல்வதுதான் பல குடும்பங்களில் முதல் தடயம்.

இது வெள்ளைக்காரர்களின் நோய், இந்தியாவில் கிடையாது என்று வெகுகாலம் நம்பப்பட்டது. 1960-களின் கடைசியிலேயே இந்தியக் குழந்தைகளிடம் இது பதிவாகிவிட்டது. டெல்லி எய்ம்ஸ், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் நோயாளிகள் கண்டறியப்பட்டு வருகிறார்கள். வெளிநாடுகளில் குடியேறிய இந்தியக் குடும்பங்களை வைத்துப் போட்ட கணக்குகள், 10,000 குழந்தைகளில் ஒன்று என்பதிலிருந்து 40,000-ல் ஒன்று, அதற்கும் குறைவு என்பது வரை மாறி மாறி வருகின்றன. குறைந்த கணக்கையே எடுத்தாலும் தமிழ்நாட்டின் மக்கள்தொகைக்கு அது சின்ன எண்ணிக்கை இல்லை. இரு பக்கமும் ஒரே பழுதான ஜீன் சேர வேண்டும் என்பதால், அக்கா மகளைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது போன்ற சொந்தத்துக்குள் நடக்கும் திருமணங்களில் இதற்கான வாய்ப்பு கூடுகிறது.

அப்படியானால் இந்தக் குழந்தைகள் எங்கே? பெரும்பாலும் வேறு பெயர்களுக்குப் பின்னால். "பிரைமரி காம்ப்ளக்ஸ்" என்று ஆறு மாதம் மாத்திரை. அது முடிந்ததும் "வீசிங்" என்று நெபுலைசர். நடுவில் இரண்டு நிமோனியா. வியர்வையில் உப்பை அளக்கும் எளிய பரிசோதனை ஒன்று போதும், நோய் தெரிந்துவிடும். ஆனால் அதைச் செய்யும் வசதி பெரிய மருத்துவமனைகளில்தான் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும்வரை இந்தக் குழந்தைகள் மற்ற குழந்தைகளோடு அதே பெஞ்சில், அதே மாஸ்க்கோடுதான் இருக்கிறார்கள். நோய் என்னவென்று தெரியாமலே வருடக்கணக்கில் கிளினிக் கிளினிக்காகச் சுற்றுபவர்களுக்குத்தான் கிருமி தொற்ற வாய்ப்பு அதிகம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் தொற்றுநோய் இல்லை. அந்தக் குழந்தையோடு சேர்ந்து விளையாடுவதால், டிபனைப் பகிர்ந்துகொள்வதால் மற்ற குழந்தைகளுக்கு நோய் வராது. ஆபத்து எதிர்ப்பக்கம் ஓடுகிறது. அதிலும் அதிக ஆபத்து, அதே நோயுள்ள இன்னொருவரிடமிருந்து.

வெங்காயத்தை அழுக வைத்த கிருமி

1950-ல் வால்டர் பர்க்ஹோல்டர் என்ற அமெரிக்கத் தாவரநோய் நிபுணர், நியூயார்க் மாநிலத்தின் வெங்காயத்தை வழவழவென்று அழுக வைத்த ஒரு பாக்டீரியாவைப் பற்றி எழுதினார். வெங்காயத்துக்கான லத்தீன் சொல்லை வைத்து அதற்கு 'செபேஷியா' என்று பெயர். மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற சாதுவான கிருமி. மனிதர்களோடு அதற்கு வேலையே இல்லை என்றுதான் நினைத்தார்கள். பின்னாளில் கண்டுபிடித்தவரின் பெயரையும் சேர்த்து அது பர்க்ஹோல்டேரியா செபேஷியா ஆனது.

1984-ல் கனடாவின் டொரொன்டோ குழந்தைகள் மருத்துவமனை டாக்டர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். தங்களிடம் வரும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளில் இந்தக் கிருமி உள்ளவர்கள் 1971-ல் 10 சதவீதம், 1981-ல் 18 சதவீதம். அவர்களில் சிலருக்குக் கடும் காய்ச்சல், ரத்தத்தில் கிருமி, சில வாரங்களில் மரணம். அதுவரை ஓரளவு நன்றாக இருந்தவர்களும் அதில் அடக்கம். இதற்கு 'செபேஷியா சிண்ட்ரோம்' என்று பெயர் வந்தது. கையில் இருந்த ஆன்டிபயாடிக் எதற்கும் அது அடங்கவில்லை.

எங்கிருந்து வருகிறது? மண்ணிலிருந்து தனித்தனியாக ஒவ்வொருவருக்கும் தொற்றுகிறது என்றார்கள் ஒரு சாரார். ஆனால் கிருமியின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை வந்ததும் விஷயம் வெளிச்சமானது. 1990-ல் அமெரிக்காவிலிருந்தும் 1993-ல் எடின்பரோவின் ஜான் கோவன் குழுவிடமிருந்தும் 'லான்செட்' இதழில் ஆய்வுகள் வந்தன. கிருமி ஆளுக்கு ஆள் பரவுகிறது. கிளினிக்கில் மட்டுமில்லை, நோயாளிகள் வெளியே நண்பர்களாகப் பழகும்போதும்.

இந்த இடத்தில் ஒரு கொடுமை இருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் அப்போது சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குழந்தைகளுக்கென்றே கோடை முகாம்கள் நடந்தன. பள்ளியில் எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் ஒல்லிக்குச்சிப் பிள்ளை, வருடத்தில் ஒரு வாரம் தன்னைப் போன்றவர்களோடு இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் கை நிறைய மாத்திரை விழுங்குவதை யாரும் வேடிக்கை பார்க்காத ஒரு வாரம். நெருங்கிய நட்புகள், காதல்கள்கூட அங்கே தொடங்கின. அதே முகாம்களில்தான் கிருமியும் கை மாறியது. எடின்பரோ-டொரொன்டோ என்ற பெயரே பெற்ற ஒரு வகை, அட்லாண்டிக் கடலின் இரு கரைகளிலும் இருந்தது. முகாமுக்குப் போய்வந்தவர்கள் வழியாகத்தான் அது கடல் தாண்டியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது.

முகாம்கள் மூடப்பட்டன. நோயாளிகள் ஒன்றுகூடும் நிகழ்ச்சிகள் நின்றன. தங்களை முழுதாகப் புரிந்துகொண்ட ஒரே கூட்டத்தை இனி நேரில் பார்க்கக் கூடாது என்று டாக்டர்கள் சொன்னபோது, பலர் கோபப்பட்டார்கள். சிலர் கேட்கவும் இல்லை. 2019-ல் வந்த 'ஃபைவ் ஃபீட் அபார்ட்' படம் பார்த்தவர்களுக்கு இந்த இடைவெளி பற்றித் தெரிந்திருக்கும். நிஜ விதி ஆறு அடி. படத்தின் நாயகி அதில் ஒரு அடியைத் தனக்கென்று திருப்பி எடுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு அடியை டாக்டர்கள் யாரும் பரிந்துரைப்பதில்லை.

மருத்துவமனையே பரப்பியபோது

செபேஷியா அரிது. இந்த நோயாளிகளின் பிரதான எதிரி சூடோமோனாஸ் ஏருஜினோசா. குழாய் வாய், சிங்க் ஓட்டை, குளியலறை வழவழப்பு, பூச்சாடித் தண்ணீர் என்று ஈரம் இருக்கும் எல்லா இடத்திலும் இருக்கும். வீட்டுக்கு வீடு இருக்கிற கிருமி, இதை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்து என்ன பயன் என்பதுதான் பழைய எண்ணம்.

டென்மார்க் அப்படி நினைக்கவில்லை. கோபன்ஹேகன் மையத்தில் 1981-லேயே சூடோமோனாஸ் இருப்பவர்களை இல்லாதவர்களிடமிருந்து பிரித்து, வேறு வேறு நேரத்தில் வரச் சொன்னார்கள். மற்ற நாடுகள் அதை மிகையான பயமாகப் பார்த்தன.

1996-ல் லிவர்பூல் குழந்தைகள் கிளினிக்கில் ஓர் அதிர்ச்சி. முக்கியமான ஆன்டிபயாடிக் ஒன்றுக்கு அடங்காத சூடோமோனாஸ் இருந்த குழந்தைகளின் கிருமிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். பெரும்பான்மையினரிடம் இருந்தது ஒரே வகை. தனித்தனி வீடு, தனித்தனி குழாய், ஆனால் ஒரே கிருமி. எல்லோருக்கும் பொதுவாக இருந்தது கிளினிக் மட்டும்தான். 'லிவர்பூல் எபிடெமிக் ஸ்ட்ரெயின்' என்று இன்றும் பாடப்புத்தகங்களில் அந்த ஊர் பெயரோடு நிற்கிறது. 2002-ல் வந்த இன்னொரு அறிக்கை இன்னும் ஒரு படி மேலே போனது. அந்த வகை, ஒரு நோயாளியின் பெற்றோருக்கே தொற்றியிருந்தது. அவர்களுக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் இல்லை.

அதற்குப் பிறகுதான் சிறப்பு மையங்கள் தங்கள் கட்டிடத்தையே மாற்றி யோசித்தன. வெயிட்டிங் ஹால் என்ற ஒன்றே வேண்டாம். வந்ததும் நேராகத் தனி அறை. நோயாளி அங்கேயே இருப்பார். டாக்டர், டயட்டீஷியன், பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவராக அவரிடம் வருவார்கள். செபேஷியா இருப்பவருக்குத் தனி நாள், அல்லது அன்றைய கடைசி முறை. அறைக்கு வெளியே வந்தால் முகக்கவசம். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே குறைந்தது ஆறு அடி. கொரோனா வந்து உலகம் முழுக்க இதைக் கற்றுக்கொண்டபோது, இந்தக் குடும்பங்கள் ஏற்கெனவே பல வருடம் இப்படித்தான் வாழ்ந்துகொண்டிருந்தன.

ஆறு அடி போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் நோயாளிகளை இருமவைத்து அளந்தார்கள். சூடோமோனாஸ் உயிரோடு நான்கு மீட்டர் தூரம் வரை போனது. 45 நிமிடம் கழித்தும் காற்றில் உயிரோடு இருந்தது. 2014-ல் வெளியான முடிவு அது. சாதாரண சர்ஜிக்கல் மாஸ்க் போட்டு இருமினால் காற்றில் கலக்கும் கிருமி வெகுவாகக் குறைகிறது என்பதையும் பின்னர் அதே ஊர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். நான்கு மீட்டர் என்பது நம் ஊர் கிளினிக் ஒன்றின் வெயிட்டிங் ஹால் முழுவதும்.

வாணியம்பாடி சலைன் பாட்டில்

இதெல்லாம் சரி, நம்ம ஊரில் இப்படி நடக்குமா என்று கேட்கத் தோன்றும். சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளையே கண்டுபிடிக்கத் திணறும் இடத்தில், அவர்களுக்குள் கிருமி தாவுவதை யார் கண்டுபிடிப்பது? ஆனால் அந்த வெங்காயக் கிருமியின் நெருங்கிய சொந்தக்காரர் ஒருவர் தமிழ்நாட்டு கிளினிக் ஒன்றில் என்ன செய்தார் என்பது பதிவாகியிருக்கிறது.

திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை தாண்டி மேற்கே போனால் திருப்பத்தூர் மாவட்டம். 2022 ஜூலையிலிருந்து 2023 வரை வட தமிழகத்தில், பெரும்பாலும் அந்தப் பகுதியிலிருந்து, ஒரு விசித்திரமான மூளைத் தொற்றோடு நோயாளிகள் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார்கள். காய்ச்சல், தலைவலி, பேச்சுக் குழறல், முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொள்வது. மொத்தம் 21 பேர். காரணம் பர்க்ஹோல்டேரியா சூடோமாலி. மண்ணிலும் வயல் சேற்றிலும் இருக்கும் இந்தக் கிருமி தரும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். வழக்கமாக மழைக்காலத்தில், சேற்றில் வேலை செய்பவர்களுக்கு, அதிலும் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு வரும். நுரையீரலையோ ரத்தத்தையோ தாக்கும். மூளைக்குப் போவது அரிது.

விசாரித்தபோது, 21 பேரில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போய்வந்தவர்கள் என்று தெரிந்தது. சி.எம்.சி., ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மாநிலப் பொது சுகாதாரத்துறை சேர்ந்து நடத்திய ஆய்வு 2025-ல் லான்செட் குழும இதழில் வந்தது. அவர்கள் கண்ட காரணம் படிக்கவே கஷ்டமாக இருக்கும் அளவுக்குச் சாதாரணமானது. வாய் கழுவ, புண்ணைக் கழுவப் பயன்படும் சலைன் பாட்டில். அதை எலும்பிலிருந்து சவ்வைப் பிரிக்கும் பல் கருவி ஒன்றால் குத்தித் திறந்திருக்கிறார்கள். மீதியை லேசாக மூடிவைத்து, அடுத்த நோயாளிக்கும் அதையே எடுத்திருக்கிறார்கள்.

அந்தப் 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். அறிகுறி தொடங்கி சுமார் 16 நாளில். கிளினிக் பக்கம் போகாத மற்ற 11 பேரில் இறந்தது ஒருவர். வாய்ப்புண் வழியாக நரம்பைப் பிடித்து நேராக மூளைக்கு ஏறியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து. கிளினிக் 2023-லேயே மூடப்பட்டது. ஊருக்கு விஷயம் முழுதாகத் தெரியவந்தது இரண்டு வருடம் கழித்து, ஆய்வுக் கட்டுரை செய்தியானபோதுதான்.

லிவர்பூலில் இருமல், வாணியம்பாடியில் பாட்டில். வழி வேறு. ஆனால் இரண்டிலும் கிருமிக்குத் தேவைப்பட்டது ஒரே விஷயம்: ஒரு நோயாளிக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஈரமாக ஒரு பாலம்.

விழுப்புரம் இதை இன்னும் முன்னாலேயே பார்த்திருக்கிறது. 2008 ஜூலையில், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கடுவனூர் பகுதியில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடந்தது. அங்கிருந்து அழைத்துப்போய் பெரம்பலூரில் கண்புரை ஆபரேஷன் செய்யப்பட்டவர்களில் 66 பேருக்கு, பிறகு ஏற்பட்ட தொற்றில் பார்வை போனது. சி.பி.ஐ. விசாரித்த அந்த வழக்கில் 2021-ல்தான் தீர்ப்பு வந்தது. மூன்று பேருக்கு ஓராண்டு சிறை. 13 வருடம். ஏற்கெனவே வயதான அந்த 66 பேரில் எத்தனை பேர் அதைக் கேட்க இருந்திருப்பார்கள்?

கிருமிநாசினியிலும் வாழும்

டெட்டால் போட்டுத் துடைத்தால் போதாதா? போதாது என்பதுதான் இந்தக் குடும்பத்துக் கிருமிகளின் விசேஷம். பர்க்ஹோல்டேரியா செபேஷியா, பாட்டிலில் அடைத்த கிருமிநாசினித் திரவத்துக்குள்ளேயே உயிரோடு இருந்து நோயாளிகளுக்குத் தொற்றிய சம்பவங்கள் உலகில் பல முறை நடந்திருக்கின்றன. தண்ணீர் கலந்து நீர்த்துப்போன கிருமிநாசினி அதற்கு இன்னும் வசதி. சூடோமோனாஸும் சளைத்ததல்ல. ஈரமான பிளாஸ்டிக் மேல் ஒரு வழவழப்பான படலம் கட்டி அதற்குள் உட்கார்ந்துகொள்ளும். காலையில் பல்லைத் தேய்க்காவிட்டால் அதில் படிகிற மாவு மாதிரி, நெபுலைசர் குப்பிக்குள் படியும். குழாய்த் தண்ணீரில் ஒரு அலசு அலசுவது அதை அகற்றாது. சொல்லப்போனால், தண்ணீரிலிருந்து புதிதாகக் கொஞ்சம் சேர்த்துவிடும்.

இரண்டுக்கும் பயம் ஒன்றுதான். வறட்சி. நன்றாகக் காய்ந்த பொருளில் இவை அதிக நேரம் தாக்குப்பிடிப்பதில்லை.

மழைக்காலம் இதில் இன்னொரு கணக்கு. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது, திண்டிவனம் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பெய்தது. விழுப்புரம் மாவட்டத்தில் வீட்டுக்குள் சேறு புகுந்த தெருக்கள் எத்தனையோ. மெலியாய்டோசிஸ் கிருமி இருப்பது அந்த மாதிரிச் சேற்றில்தான். நுரையீரல் ஏற்கெனவே பழுதான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயாளிகளுக்கு இது கூடுதல் ஆபத்து என்பது, வெப்பநாடுகளுக்குச் சுற்றுலா வந்து தொற்றிக்கொண்டு திரும்பிய மேலைநாட்டு நோயாளிகள் மூலம் தெரிந்த விஷயம். அவர்கள் வந்து போனவர்கள். நம் பிள்ளைகள் இங்கேயே வளர்பவர்கள்.

கிளினிக்கில் என்ன கேட்கலாம்?

லிவர்பூல் மாதிரி தனி அறை நம் அரசு மருத்துவமனை ஓ.பி.யில் நடக்கிற காரியமா? முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியோ, திண்டிவனம் அரசு மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ, காலை ஒன்பது மணி வரிசையைப் பார்த்தவர்களுக்கு பதில் தெரியும். ஆனால் தனி அறை இல்லை என்பதற்காக எதுவுமே முடியாது என்று இல்லை. வாணியம்பாடியில் தேவைப்பட்டது புதுக் கட்டிடம் இல்லை, ஆளுக்கொரு புது சலைன் பாட்டில். அந்தப் பாட்டிலின் விலை பல் பிடுங்கும் ஃபீஸுக்குப் பக்கத்தில்கூட வராது.

அதனால் பல் கிளினிக்கில், காயம் கட்டும் இடத்தில், "சலைன் புதுசா உடைக்கிறீங்களா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பில்லை. நெபுலைசருக்குப் போகும்போது சொந்த மாஸ்க்கும் குப்பியும் கையோடு எடுத்துப்போகலாம். மெடிக்கல் ஷாப்பில் சில நூறு ரூபாய்க்குள் செட்டாகவே கிடைக்கிறது. மெஷின் பொதுவாக இருக்கலாம், முகத்தில் படுவதும் மருந்து ஊற்றுவதும் பொதுவாக இருக்கக் கூடாது. மருந்தோடு கலக்கும் சலைன் எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். ஒரு தடவை மட்டும் உடைத்து ஊற்றும் சின்ன பிளாஸ்டிக் குப்பியா, நாள் முழுக்க ஊசி குத்தி எடுக்கும் பெரிய பாட்டிலா? கேட்டால் டாக்டர் முகம் சுளிக்கலாம். பெரும்பாலானவர்கள் சுளிப்பதில்லை, அடுத்த தடவை நர்ஸிடம் சொல்லிவைக்கிறார்கள்.

திரும்பத் திரும்ப நிமோனியா, எவ்வளவு சாப்பிட்டும் ஏறாத எடை, எண்ணெய் மிதக்கும் மலம், உப்புக் கரிக்கும் தோல். இவை சேர்ந்து இருக்கும் குழந்தைக்கு மூன்றாவது முறையாக "வீசிங்" மருந்து எழுதும்போது, வியர்வைப் பரிசோதனை தேவையா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

நோய் உறுதியான குடும்பங்களுக்குக் கஷ்டமான கேள்வி வேறு. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இருந்தால்? மரபணு நோய் என்பதால் இது நடக்கும். அண்ணன் தம்பியை ஆறு அடி தள்ளி வைக்க யாரும் சொல்வதில்லை, முடியவும் முடியாது. ஆனால் நெபுலைசர் செட் தனித்தனி. டூத் பிரஷ், தண்ணீர் பாட்டில் தனித்தனி. சளியை வெளியேற்ற முதுகில் தட்டும் பயிற்சியை ஒரே நேரத்தில், ஒரே அறையில் இருவருக்கும் செய்வதில்லை. ஒருவர் முடித்து ஜன்னலைத் திறந்துவிட்ட பிறகு மற்றவர், முடிந்தால் வேறு அறையில். ஆஸ்பத்திரி செக்கப்பில் இன்னொரு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் குடும்பத்தைப் பார்த்தால் போன் நம்பர் வாங்கிக்கொள்ளலாம், வாட்ஸ்அப்பில் பேசலாம். பிள்ளைகளை ஒன்றாக விளையாட விடுவதுதான் கூடாது. இத்தனை நாள் தனியாகத் தவித்த ஒரு அம்மாவுக்கு, தன்னைப் போல் இன்னொருவர் கிடைத்த அன்றே இதைச் சொல்ல வேண்டியிருப்பது டாக்டர்களுக்கும் சுலபமில்லை.

நோயின் வேரையே தொடும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மூன்று மருந்துக் கலவை, அங்கே நோயாளிகளின் வாழ்க்கையையே மாற்றியிருக்கிறது. ஆண்டுச் செலவு 3 லட்சம் டாலர் கணக்கில் போகும். அது கைக்கு எட்டும்வரை இங்குள்ள குடும்பங்களிடம் இருப்பது அடுப்பும் பாத்திரமும்தான்.

ஒவ்வொரு முறை பயன்படுத்தியதும் நெபுலைசர் குப்பியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு, தயாரித்த கம்பெனி கொதிக்க வைக்கலாம் என்று குறிப்பிட்ட பாகங்களை நாளுக்கு ஒருமுறை கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிடம் போட வேண்டும். பால் பாட்டிலுக்குப் பயன்படும் ஸ்டீம் ஸ்டெரிலைசரும் ஆகும். வினிகர் போதாது. எடுத்த பிறகு மறுபடி குழாயில் காட்டக் கூடாது, அங்கேதான் பலர் தவறுகிறார்கள். தண்ணீரை உதறிவிட்டு, சுத்தமான துணியில் பரப்பி, முழுக்கக் காய்ந்த பிறகு மூடிவைக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் அது காய ஒரு இரவு ஆகலாம். அதனால் இரண்டாவது செட் ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.